பதினாறாவது கை

போன வாரம் கௌசரைத் தையல் மெஷினுக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தோம். படகுக்கான பாய்ச்சீலையின் கடைசி ஓரத்தை மடித்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்த நேரத்தில் ஜெயவேல் போன் செய்தான். "யக்கா, காலீல தனியா வா. ரஷீதண்ணன இட்டுகினு வந்துடாத" என்று சொல்லி, ஏன் எதற்கு என்று இவள் கேட்பதற்குள் வைத்தும்விட்டான்.

அதற்குப் பிறகு கௌசர் தூங்கியிருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ராயபுரம் கௌசரின் வீட்டுக்காரர் ரஷீது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரும்பு ரோப் அறுந்து இடது கையில் விழுந்த நாளோடு அந்த வேலை போயிற்று. பிறகு இரண்டு வருஷம் மனுஷன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், திரும்பவும் அந்தச் சுவர்தான். கௌசர் பேசிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், நாகூருக்கு நேர்ந்துகொண்டாள். முதுகு அசையவில்லை.

எதிர்வீட்டு ஃப்ரெடி, மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள வந்தார். "எங்கப்பா கட்டின பாய்மரப் படகு ஒண்ணு காத்திவாக்கத்துல கெடக்கு ரஷீது. வேணும்னா எடுத்துக்கோ" என்றார். ரஷீது எழுந்து உட்கார்ந்து, செருப்பு எங்கே என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே கௌசர் அந்தப் படகை நேசிக்கத் தொடங்கினாள்.

படகின் பெயர் ரோசலின். மரத்தில் கட்டிய அந்த வயசான மகராசியைத் தனியாளாகச் சீர்செய்ய யாரால் முடியும்? காசிமேட்டில் படகு என்றாலே பங்குதான். இவர்களும் அப்படியே பதினாறு பங்கு போட்டார்கள். மீன் விற்கிற தேவகிருபைக்கு ஒன்று, பிரியாணிக் கடை மொஹ்சினுக்கு ஒன்று. ஃபைபர் படகு வேலை பார்க்கிற ஜெயவேல் உழைப்பையே பங்காகக் கொடுத்தான். ஃப்ரெடிக்கு மரியாதைக்கு ஒன்று. ரஷீதுக்கு ஒன்று, கௌசருக்குத் தனியாக ஒன்று. மீதி எல்லாம் தெருக்காரர்கள். படகு மிதந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை ஏற்றிக் கடலில் சுற்றிக் காட்டி, வருவதைப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு.

ஒரு பங்குக்கு ஒரு கை. எதைச் செய்வதானாலும் படகடியில் கூடி உட்கார்ந்து கை தூக்குவார்கள், பாதிக்கு மேல் வந்தால் அதுதான் முடிவு. விற்கவோ உடைக்கவோ மட்டும் பதினாறு கையும் உயரவேண்டும். இந்த விதியைப் போட்டவரே ரஷீதுதான். ஒருத்தருக்கு மனசில்லையென்றால் ரோசலினை யாரும் தொடக்கூடாது என்று அன்று அடித்துச் சொன்னார்.

இனி இன்றைய கதை.

*

ஷேர் ஆட்டோ எர்ணாவூரைத் தாண்டுவதற்குள் கௌசருக்குப் பாதி உயிர் போய்விட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் ஆட்டோவும் அதற்குள் ஏழு பேரும். காத்திவாக்கத்தில் இறங்கிக் கழிமுகப் பக்கம் நடந்தாள். ஃபைபர் ஒட்டுகிற ரெசின் வாடை தூரத்திலேயே மூக்கில் ஏறியது.

ரோசலின் கட்டைகளின் மேல் உயரமாக நின்றாள். வெள்ளை பெயிண்ட், கீழே ஒரு நீலக் கோடு. வெயிலில் பார்க்கக் கண் கூசியது. சாயங்காலம் பங்காளிகள் எல்லாரும் வந்து, கரையிலேயே பாய் ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அடுத்த வாரம் தண்ணீரில் இறக்குவதாக இருந்தார்கள்.

ஜெயவேல் படகின் பின்பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுக்கான் மாட்டறதுக்கு நேத்து ட்ரில் போட்டேன்க்கா. இங்க பாரு."

விரல் நுழையாத ஒரு ஓட்டை. அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு பெயிண்டில் வழிந்து இறங்கியிருந்தது. ஓட்டையின் ஓரத்தில் இன்னொரு சொட்டு உருண்டு நின்றது. கௌசர் அதை விரலில் தொட்டு முகர்ந்தாள். புளித்துப்போன மாவின் வாடை.

"கரைமேல நிக்கிற போட்டுக்குள்ள தண்ணி எப்டி வந்துச்சு?"

"வர்லக்கா. உள்ளயே கீது. மய பேஞ்சப்ப பலகை குட்ச்ச தண்ணி."

அவன் பேச்சை நிறுத்திவிட்டு அவளை அடிப்பக்கம் அழைத்துப்போனான். பலகைமேல் ஒட்டியிருந்த ஃபைபரை உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து எடுத்திருந்தான். பக்கத்தில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஸ்க்ரூ டிரைவரைப் பலகையில் வைத்து அழுத்தினான். தட்டவில்லை, திருகவில்லை, சும்மா அழுத்தினான். அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

கௌசர் அடுத்த ஓட்டையைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் அவன் காட்டினான். அங்கேயும் அப்படியே. பலகைக்குப் பின்னால் இருந்த விலாக்கட்டையும் அவன் கைக்குத் துகள்துகளாக வந்தது.

"மின்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும்க்கா. நம்ப மேல மூடி வெச்சு வளத்துட்டோம்."

நம்ப என்று அவன் சொன்னது நல்ல மனசு. அவளுக்கோ அந்தச் சொல் தன் பக்கமாகவே திரும்பி நின்றது.

*

தை மாதத்துக் கூட்டம் அவளுக்கு மறக்குமா? மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. பலகை காயட்டும், வெயில் காலம் முழுக்கக் காயட்டும், அப்புறம் இடுக்குகளில் பஞ்சுத்திரி அடித்துப் பழையபடி பூசிக்கொள்வோம் என்றார் ரஷீது. அதுவரை சும்மாவா உட்கார்ந்திருப்பது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர்கள் பார்த்த படகெல்லாம் ஃபைபர் படகு. ஓட்டை என்றாலும் ஃபைபர், விரிசல் என்றாலும் ஃபைபர். மேலே ஒரு சுற்று ஒட்டிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று அந்தக் கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொன்னது நிஜம்தான். உள்ளே இருப்பது வெளியேயும் வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

காயட்டுமே என்று ஜெயவேலும் முனகினான். அவன் முனகியது யார் காதிலும் ஏறவில்லை.

எட்டுக் கை ஃபைபருக்கு உயர்ந்தது. ஒன்பதாவது கை கௌசருடையது.

அவள் கெட்டதா நினைத்தாள்? ஒற்றைக் கையால் மனுஷன் வெயிலில் பலகை சுரண்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இழுத்தால் அவர் மனசு விட்டுப்போய்த் திரும்பவும் கட்டிலில் விழுந்துவிடுவாரோ என்ற பயம். சீக்கிரம் மிதக்கட்டும் என்று தூக்கினாள். ரஷீது திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, இன்று குழம்பில் புளி தூக்கல் என்று மட்டும் சொன்னார்.

*

வீட்டுக்கு வந்தபோது மகன் ஜீஷான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் வேலை. இன்றைக்காக லீவு போட்டிருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான். அவள் எல்லாவற்றையும் தெருவிலேயே சொல்லி முடித்தாள்.

"அத்தாகிட்ட இன்னிக்கி சொல்லாதம்மா. சாய்ந்தரம் பாய் ஏத்திப் பாக்கட்டும். ஒரு நாள் சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும். நாளிக்கி சொல்லிக்கலாம்."

"அடுத்த வாரம் எறக்கலாம்னு அவங்கள்லாம் கைதட்டுவாங்க. நானும் நின்னு கைதட்டவா?"

ஜீஷானுக்கும் கட்டில் காலம் நினைவிருந்தது. அப்போது அவன் வேலையிலிருந்து வந்தால் முதலில் அத்தாவின் முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான்.

உள்ளே ரஷீது குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. கூடத்தின் பாதியை மடித்த பாய்ச்சீலை அடைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் துணிகள் மூலையில் மூட்டையாகக் கிடந்தன. ஊர்ப் பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டுத்தான் கௌசர் இந்தச் சீலையைத் தைத்தாள். ரஷீது குனிந்து அதன் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா அழகா தெச்சுகீற. கண்ணு போட்ருவாங்க." பிறகு சட்டையைக் காட்டினார். "பட்டன்."

இடது கை விரல்கள் மடங்காததால் தினமும் அவள்தான் பட்டன் போட்டுவிடுவாள். மேலேயிருந்து ஆரம்பித்தாள். ஒன்று போட்டாள், இரண்டு போட்டாள். மூன்றாவதில் விரல் நின்றது.

"இன்னாங்க, பலகை உள்ள போயிடுச்சு. ஜெயவேலு ஃபைபர அறுத்துக் காட்டுனான். ஸ்க்ரூ டிரைவர் முழுசா எறங்குது. கட்டையும் போச்சு."

ரஷீது அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி நின்றார். அத்தர் வாசனை மட்டும் நன்றாக அடித்தது. அவர் கத்துவார், இல்லையென்றால் உட்கார்ந்துவிடுவார் என்று கௌசர் இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

"மீதி பட்டனையும் போடு" என்றார்.

போட்டாள்.

"நான் தூக்குன கைங்க அது."

"ஒம்போது கை தூக்குச்சு. உன்னுது மட்டுமா." அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை. "கெளம்பு. ஜனங்க வருவாங்க."

*

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். தேவகிருபை தலையில் பூ வைத்திருந்தாள். மீன்பிடித் தடைக்காலம், கூடைக்கு வேலையில்லை, அதனால் ஓய்வாக மகள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தாள். மொஹ்சின் ஒரு பெரிய டப்பாவில் பிரியாணி கொண்டுவந்திருந்தார். பாயை ஏற்றியதும் சாப்பிடலாம் என்று அதை நிழலில் வைத்தார்.

ரஷீது யாரையும் உட்காரவைத்துப் பேசவில்லை. ஜெயவேலிடம் கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். எல்லாரும் பார்க்க, அறுத்துவைத்த இடத்தில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போனது. உருவி, அடுத்த இடத்தில் அழுத்தினார். மூன்றாவது இடத்துக்கு அவர் போகும்போது மொஹ்சின், "போதும் பாய்" என்றார்.

பேச்சு அதற்குப் பிறகு நீளவில்லை. ஃபைபரை முழுக்க உரித்து, பலகையைக் காயவைத்து, பாதிக்கு மேல் மாற்றவேண்டும் என்றான் ஜெயவேல். இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். இடத்துக்காரரோ மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போதே உடைத்தால் அடியில் கனத்துக்காக வைத்த ஈயம், பித்தளை, பாய்மரம் இதெல்லாம் விலைக்குப் போகும். ஆளுக்குக் கொஞ்சமாவது தேறும்.

"நான் ஒயச்சுப் போட்டது. எனக்கு ஒண்ணும் வாணாம்" என்றும் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் பேசாத. ஒயச்சவனுக்கு மொதல்ல" என்றாள் தேவகிருபை. பூவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒடச்சுடலாம். எனக்கு வேற வயி தெரில."

கைகள் உயர்ந்தன. சில சட்டென்று, சில தயங்கித் தயங்கி. ஜெயவேல் தரையைப் பார்த்தபடி கையை உயர்த்தினான். கடைசியாக ரஷீதின் வலது கையும் உயர்ந்தது. கௌசர் அந்தக் கையையே பார்த்தாள். செருப்பு எங்கே என்று கேட்ட மனுஷனின் கை.

கௌசர் தன் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

"கௌசரு, தூக்கு" என்றாள் தேவகிருபை.

"மாட்டேன்க்கா."

"இன்னா மாட்டேன்? எல்லாரும் தூக்கியாச்சு."

"ஒருத்தருக்கு மனசில்லன்னா தொடக்கூடாதுன்னுதான பேச்சு? எனக்கு மனசில்ல. நான் உரிக்கிறேன். காயப்போடுறேன். எத்தினி வருசம் ஆனாலும் ஆவட்டும்."

"அன்னிக்கி மட்டும் வெடுக்குனு தூக்குன?"

தேவகிருபை அதைக் கெட்ட மனசோடு கேட்கவில்லை. அலுத்துப்போய்க் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள். மற்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள். கௌசருக்குக் காது சுட்டது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

"அவ பங்கு அவளுது. யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார் ரஷீது. பிறகு மெதுவாக வந்து, படகைத் தாங்கிய கட்டையின் மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் படகைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கும்மா."

"நீங்களே சொல்றீங்களா?"

"தெம்பில்ல கௌசர். இன்னொரு தபா மொதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால முடில. நீ உரிப்ப, புள்ள உரிப்பான், நான் ஒத்தக் கைய வெச்சுகினு ஓரமா நின்னு பாக்கணும். அத்தோட பங்காளிங்க மூஞ்சிய வேற தெனம் பாக்கணும். என்னால முடியாது."

"வூட்டுக்குப் போயி இன்னா பண்ணுவீங்க?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

"எனக்காவ அன்னிக்கித் தூக்குன. அது எனக்குத் தெரியும். இப்பவும் எனக்காவத்தான் கேக்கறேன்."

கௌசர் கையைத் தூக்கினாள். அவ்வளவு கனமான கையை அவள் அதுவரை தூக்கியதில்லை.

யாரும் கைதட்டவில்லை. இன்னும் ஃப்ரெடியின் கை பாக்கி என்று ஜீஷான் சொல்லி, ஆஸ்திரேலியாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அம்மாவின் போனிலிருந்து அனுப்பினான். அந்தப் பதில் வருவது வரைக்கும் உளி வைப்பதில்லை என்று முடிவாயிற்று. வெறும் சம்பிரதாயம், அவர் சரி என்றுதான் சொல்வார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பிரியாணியைத் திருப்பி எடுத்துப்போக மனசில்லாமல் மொஹ்சின் தட்டுகளைப் பரப்பினார். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அவர் கௌசரிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனக்காத தங்கச்சி. அந்தச் சீலைத் துணி கெட்டியா கீது. கட மின்னாடி வெய்யிலுக்குக் கட்டிக்கலாமான்னு பாக்கறேன். சொம்மா வாணாம், இன்னா வெலயோ குடுத்துடறேன்."

அவர் நல்லவர். கடைக்கு முன்னால் நிஜமாகவே வெயில் அடிக்கும். கௌசர் பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பிரிக்காத சீலையை மகனோடு சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினாள்.

*

வீடு வந்து சேர்ந்தபோது மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. ரஷீது கூடத்தில் நிற்காமல் நேரே உள்ளே போனார். கௌசர் சீலையை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டைப் பட்டனைக் கழற்றிவிட வேண்டுமே என்று பின்னாலேயே போனாள்.

அவர் வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் படுத்திருந்தார். சுவரைப் பார்த்தபடி.

கதவருகே ஜீஷான் வந்து நின்றான். அத்தாவின் முதுகை ஒரு நிமிஷம் பார்த்தான். அது ஏறி இறங்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

கௌசரின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஃப்ரெடி. குரல் செய்தி, கொஞ்சம் நீளமானது. சரி என்று சொல்ல இவ்வளவு நேரம் தேவையில்லை.

அவள் கட்டை விரலை அதன்மேல் வைத்தாள், அழுத்தவில்லை. அவர் சரி என்று சொல்லியிருந்தால் ரோசலின் நாளைக்கே விறகு. முடியாது என்று சொல்லியிருந்தால் இந்த மனுஷன் தெம்பில்லை, தெம்பில்லை என்று கெஞ்சி, அவள் கையைத் தூக்கவைத்தது அத்தனையும் வீண், எல்லாம் திரும்ப முதலிலிருந்து. எது வந்தாலும் அவளால் தாங்க முடியாது. எது வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஃப்ரெடி இன்னா சொன்னாரு?"

சுவர்ப் பக்கமிருந்துதான் குரல் வந்தது. முதுகு அசையவில்லை. ஆனால் கேட்டார். அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளும் அந்தச் சுவர் எதையும் கேட்டதில்லை.

கௌசர் கூடத்துக்கு வந்து, மடித்துக் கிடந்த பாய்ச்சீலைக்குள் போனை ஆழமாகச் செருகினாள்.

"இன்னும் ஒண்ணும் வர்லீங்க" என்றாள்.